புது எஞ்சின், முந்திச் செல்லவும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். கூட வந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். இருந்தும், மணிக்கு நூறு மைல் போகிற சீமைக் கார் ஒன்றை அது ஊருக்கு வந்த சில மாதங்களிலேயே ஆயுளுக்கும் கெடுத்த பெருமை எனக்கு உண்டு. ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டே செய்தேன். காரோடு சேர்த்து ஒரு மனிதரையும் கெடுத்தேன். சிரிப்பு வருகிற இடங்கள் முதலில் இருக்கின்றன, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிடங்கில் நான் இங்கிலீஷ் கிளார்க். மெட்ராஸுக்கும் கொழும்புக்கும் போகிற கடிதங்களை இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது படையெடுப்பில் பிடித்தவன். என் இங்கிலீஷைப் படித்த கொழும்பு வியாபாரி ஒருவர், 'இனிமேல் தயவுசெய்து தமிழிலேயே எழுதவும்' என்று பதில் போட்டார். அந்தக் கடிதம் முதலாளி கண்ணில் படாமல் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. கிடங்கில் வேறு யாருக்கும் ஏ, பி, சி, டி தெரியாததால் நான் பெரிய படிப்பாளி.

முதலாளியின் மனைவிக்கு ஓர் அண்ணன். நூல் மண்டிக்காரர். அவரிடம் எண்பது மைல் போகிற கார் ஒன்று இருந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் முதலாளியின் பழைய காரைக் கடக்கும்போதெல்லாம் அவர் கையை வெளியே நீட்டி, கன்றுக்குட்டியைத் தட்டிக் கொடுப்பதுபோல் காற்றைத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டு முதலாளியின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிய கரும்பச்சைக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், ஸ்பீடாமீட்டரில் நூற்றுப் பத்து வரைக்கும் எண். அதன் பானெட்டின் மேல் ஒரு குடும்பமே பந்தி உட்காரலாம்.

மலைக்கோட்டை அடிவாரத்து அம்மன் கோயில் முன்னால் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். டிரைவர் தன் பங்குக்கு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு டாஷ்போர்டு அறையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"வண்டி செஞ்சவன் எழுதுன புத்தகம் முதலாளி. இதுல போட்டிருக்கிற மாதிரிதான் எஞ்சினப் பழக்கணும். படிச்சவங்க யாராச்சும் படிச்சுச் சொன்னா நல்லது."

முதலாளி என்னைப் பார்த்தார். என் ராஜ்யம் அப்படித்தான் தொடங்கியது.

டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக முதலாளியிடம் வண்டி ஓட்டினார். கார் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். வேலை இருக்கிறவரைக்கும் அந்த அறை. வேலை போனால் அறையும் போகும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கேட்டு, "மூணாவது பிளக்கு சரியில்ல" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்குதான் கறுத்திருக்கும்.

நான் புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். முதல் ஐந்நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது.

"முப்பதா? நூறு மைல் போற வண்டிய வாங்கி முப்பதுல போறதுக்கு நான் என்ன கூறுகெட்டவனா?" என்றார் முதலாளி.

"புத்தகத்துல போட்டிருக்கு முதலாளி" என்றேன்.

அவர் அடங்கிவிட்டார். வாழ்க்கையில் என் பேச்சுக்கு ஒருவர் அடங்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து வதைக்காமல் இருக்க, பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டினேன்: 'புது எஞ்சின், முந்திச் செல்லவும்.' ஊரும் கேட்டுக்கொண்டது. பஸ் முந்தியது. உப்பு லாரி முந்தியது. வேடசந்தூர் ரோட்டில் ஒரு சரிவில், மில் ஷிப்ட் விட்டு வந்த சைக்கிள்கள் பத்துப் பன்னிரண்டு மணியடித்துக்கொண்டே முந்தின. புல்லுக்கட்டு ஏற்றிய மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நாங்கள் அவரைக் கடக்கிற நீண்ட நேரத்தில் கூடவே பேசிக்கொண்டு வந்தார்.

"என்ன அப்பு, வண்டி மாசமா இருக்கா?"

"புதுசுய்யா, புதுசு" என்றார் டிரைவர்.

"இம்புட்டு மெதுவாப் போறதுக்கு எதுக்கு புதுசு? எங்கிட்டச் சொல்லியிருந்தா பழசே தந்திருப்பேனே."

பின் சீட்டில் முதலாளி பல்லைக் கடிக்கிற சத்தம் ஆறு சிலிண்டரையும் மீறிக் கேட்டது. ஆனால் கத்தவில்லை. அவர் கத்தாததற்குக் காரணம் நான். 'வண்டிக்குள் குரலை உயர்த்தக் கூடாது, அதிர்ச்சியில் புது போல்ட்டுகள் தளரும்' என்று புத்தகத்தில் இருந்து படித்திருந்தேன். புத்தகத்தில் அப்படி இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மைலுக்கு ஒருதரம் நிறுத்த வேண்டும் என்பதும் புத்தகத்தில் இல்லை. செம்பட்டி முக்கில் ஒரு கடையில் குழிப்பணியாரம் பிரமாதமாக இருக்கும், அதுதான். முதலாளியின் மாமியார் ஏறக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். அதற்காக முதலாளியே எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

டிரைவருக்கு எல்லாம் தெரியும். செம்பட்டிக் கடையில் ஒருநாள் தட்டை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "வண்டி செஞ்சவனுக்குச் செம்பட்டி எங்க இருக்குன்னு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

நான் புத்தகத்தைத் தட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"பயப்படாதீங்க. நானும்தான் திங்கிறேன்" என்று சிரித்தார். கடைசிவரை யாரிடமும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்நூறு மைல் முடிந்த அன்று காலையில் டிரைவர் முதலாளியிடம் போய் நின்றார்.

"முதலாளி, இனிமே கொஞ்சங் கொஞ்சமா இழுவை குடுக்கணும். மேட்டுல மூணாவது கியர்ல அழுத்தி ஏத்தணும், விடணும், திரும்ப அழுத்தணும். வேகத்தையும் அஞ்சஞ்சு மைலாக் கூட்டணும். இப்படியே தடவிக்கிட்டே போனா பிஸ்டன் ரிங்கு சிலிண்டர்ல உரசிப் படியாது."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" முதலாளி என் பக்கம் திரும்பினார்.

புரட்டினேன். பன்னிரண்டாம் பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும் எதிரெதிரே. அவர் சொன்னது அப்படியே இருந்தது. மேட்டில் ஏற்றுவது, அழுத்துவது, விடுவது, ஐந்தைந்து மைலாகக் கூட்டுவது, எல்லாம். எழுத்தே தெரியாதவர் எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்.

எனக்கு எரிந்தது. அதோடு, வேகம் கூடினால் வத்தலக்குண்டுக்கு அரைமணி நேரம்தான். பத்து மைலுக்கு ஒரு பணியாரமும் இல்லை, முன் சீட்டும் இல்லை, மறுபடியும் கிடங்கு மூலையில் புகையிலை நெடிக்குள் தும்மிக்கொண்டு கொழும்புக்குக் கடிதம். இவ்வளவு அற்பமான காரணம்தான். பெரிய காரணமாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல இத்தனை வருஷமாக முயன்றும் கிடைக்கவில்லை.

"இன்னொரு ஐந்நூறு மைலுக்கும் முப்பதுதான் முதலாளி" என்றேன்.

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த வாரம் வேடசந்தூர் பக்கத்துப் புகையிலைக் கொல்லைகளைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் நீளமாக ஹாரன். நூல் மண்டிக்காரர். எங்கள் பக்கமாக வந்து வேகத்தைக் குறைத்து, கூடவே ஓட்டிக்கொண்டு, அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"முந்திச் செல்லவுமா? சரி மாப்ள, நீங்க இம்புட்டு மரியாதையாச் சொல்லும்போது செல்லாம இருக்க முடியுமா?"

கையை வெளியே நீட்டிக் காற்றைத் தட்டினார். போய்விட்டார். முதலாளி அழுகிற நிலைக்கு வந்துவிட்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன். டிரைவரும் பார்த்தார்.

அவர் காலை அழுத்தினார்.

அந்தக் கார் அதுவரை பேசியதே இல்லை. அன்றுதான் வாயைத் திறந்தது. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து. புளியமரங்கள் சேர்ந்து ஒரே சுவராயின. முதலாளி சின்னப் பிள்ளைபோல் சீட்டைத் தட்டிச் சிரித்தார். டிரைவர் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, "இப்பத்தான் முதலாளி மூச்சு விடுது, இப்பத்தான்" என்றார். நூல் மண்டிக்காரரின் வண்டிப் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வேகம் என்றால் எனக்குப் பயம். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினேன். "சிலிண்டர் வெடிச்சிரும்! வெடிச்சிரும்னு போட்டிருக்கு முதலாளி!"

முதலாளியின் சிரிப்பு நின்றது. "நிறுத்துலே!" என்று அலறினார். போல்ட் தளர்வதைக்கூட மறந்துவிட்டார். வண்டி ஓரமாக நின்றது. மச்சானின் புழுதி எங்கள் மேல் மெல்ல வந்து படிந்தது.

டிரைவர் இறங்கிக் கதவருகே நின்றார். "முதலாளி, புது ஆட்டுக்கல்லு வாங்குனா வீட்டுல முதல்ல தவிட்டைப் போட்டு ஆட்டுறாங்கல்ல? குழவிய அழுத்தி ஆட்டுனாத்தானே கல்லு பழகும்? சும்மா தடவிக்கிட்டே இருந்தா கல்லு வழுவழுன்னு ஆயிரும், அப்புறம் என்னைக்கும் மாவு அரையாது. எஞ்சினும் அப்படித்தான். இத எழுதாம வண்டி செஞ்சவன் விட்டிருக்க மாட்டான். எங்க மாதா கோயில் சாமியார் இங்கிலீஷ் படிச்சவரு. அவருகிட்ட ஒருதடவ குடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

முதலாளி கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குப் போவோம். நீ சொல்றது அதுல இருந்தா இந்தக் கிளார்க்கு வீட்டுக்குப் போகட்டும். இல்லேன்னா சாவிய வச்சுட்டு நீ போ."

"சரிங்க முதலாளி" என்றார் டிரைவர். கொஞ்சமும் கவலைப்படவில்லை. வண்டி செஞ்சவன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் கிடங்கில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிற கோந்துக் கிண்ணத்தை எடுத்தேன். பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரங்களில் விரலால் மெல்லியதாகத் தடவினேன். பதின்மூன்றை அதன்மேல் சாய்த்து நீவினேன். புத்தகத்தை மூடி, மேலே ஒரு புகையிலைச் சிப்பத்தை ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். முதல் ஐந்நூறு மைல், முப்பது மைல் வேகம். பக்கத்தைப் புரட்டினார். டயருக்குக் காற்று அடிப்பது பற்றி வந்தது. விரலால் தாளைத் தடவிப் பார்த்தார்.

"இந்தத் தாள் மட்டும் கொஞ்சம் தடியா இருக்கே?"

"சீமைத் தாளு சாமி. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "எஞ்சினைப் பத்தி வேற ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

"இன்னொருக்கா பாருங்க சாமி" என்றார் டிரைவர்.

பார்த்தார். "இல்லப்பா."

முதலாளி கையை நீட்டினார். டிரைவர் சாவியை அந்தக் கையில் வைத்தார். வைக்கும்போது அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் தன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் போனால் தேய்ப்பதுபோல்.

அறையைக் காலி செய்ய இரண்டு நாள் தந்தார்கள். ஒரே மாட்டு வண்டியில் எல்லாம் அடங்கிவிட்டது. நான் போய் உதவி செய்தேன். ஆமாம், உதவி செய்தேன். ஆட்டுக்கல்லை ஒருபக்கம் அவரும் ஒருபக்கம் நானுமாகத் தூக்கி ஏற்றினோம். அவர் மனைவி எனக்குச் செம்பில் மோர் கொடுத்து, "நீங்க ஒருத்தராச்சும் வந்தீகளே" என்றார்.

வண்டி கிளம்புகிற நேரம் டிரைவர் என் பக்கமாக வந்தார்.

"தம்பி, பணியாரத்துக்கு நீங்க சொன்னது விளையாட்டு. எனக்குத் தெரியும். ஆனா இது வேல சமாச்சாரம். இதுல நீங்க பொய் சொல்வீங்களா? படிச்சவரு. எனக்குத்தான் காது கெட்டுப்போச்சு போல."

அப்போது சொல்லியிருக்கலாம். செத்த நேரம் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனேன்.

புதிதாக வந்த டிரைவர் தங்கமானவர். அவருக்கு இருபத்தெட்டுக்கு மேல் ஓட்டவே பயம். நானும் அவரும் சேர்ந்து அந்த எஞ்சினைத் தடவினோம். ஆயிரம் மைல் ஆயிரத்தைந்நூறு ஆயிற்று. பணியாரக் கடைக்காரர் தம் கடைக்கு ஓடு போட்டார்.

பிறகு பந்தய நாள் வந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் வத்தலக்குண்டுக்கு ஒரே நேரத்தில் கிளம்புவது என்று ஏற்பாடு. முதலாளி பட்டு வேட்டி கட்டியிருந்தார். அட்டையைத் தம் கையாலேயே கிழித்தார். ஊர் எல்லை தாண்டியதும் புது டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, அப்படித்தான் எனக்குத் தோன்றியது, அழுத்தினார். வண்டி ஐம்பத்தெட்டு வரை போய் அங்கேயே நின்று இருமியது. பின்னால் நீலப் புகை எழுந்து ரோட்டை மூடியது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கார் தீப்பிடித்துவிட்டது என்று குதித்து, கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். நல்ல மனிதர்கள். முதலாளியின் பட்டு வேட்டி மேலேயே பாதி மண் விழுந்தது.

மதுரையில் இருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்து எஞ்சினைப் பிரித்தார்கள். அவர் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குங்க. முகம் பாத்துச் சவரம் பண்ணலாம். ரிங்கு படியவே இல்ல, எண்ணெய் எல்லாம் மேல ஏறுது. பழக்குனது யாரு?" என்றார்.

முதலாளியின் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் பயங்கரம். பதில் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. "பழைய டிரைவர் அன்னைக்கு வேடசந்தூர் ரோட்டுல அம்பத்தஞ்சுல விட்டாருல்ல முதலாளி. அதுதான்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கேட்கிற நிலையில் இல்லை. "அந்தப் பய!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போயிற்று. பந்தயத்தில் ஜெயித்த மச்சானே அதை எல்லோரிடமும் சொன்னார்: மாப்பிள்ளையின் காரைக் கெடுத்தவன் இவன் என்று. அதற்கப்புறம் திண்டுக்கல்லில் கார் வைத்திருந்த யாரும் பழைய டிரைவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. லாரி ஷெட்டில் டயர் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். லாரி ஷெட் இருக்கிற தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன். சுற்றுவழிதான், ஆனால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டிருக்கலாம். அதற்குக் காரைக் கோயமுத்தூருக்குக் கட்டி இழுத்துப் போக வேண்டும், மச்சான் அதைப் பார்த்துக் காற்றைத் தட்டுவார். முதலாளி ஒரு வாரம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அட்டைய இன்னொண்ணு எழுதி ஒட்டுப்பா."

ஒட்டினேன். மழையில் நைந்தால் வேறு எழுதினேன். வருஷங்கள் போயின. அந்த எஞ்சின் மட்டும் பழகவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "சீமை வண்டி, பழக நாளாகும்" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நீலப் புகை விட்டுக்கொண்டு, முப்பது மைலில், திண்டுக்கல் வட்டாரத்தின் மிகப் பழைய புது வண்டியில் நாங்கள் போய்வந்தோம்.

அறுபதுகளில், வேடசந்தூர் பக்கத்து மில் ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் ஒன்று எங்களைக் காலையில் முந்த ஆரம்பித்தது. ஓட்டியவர் எங்கள் பழைய டிரைவர். தலை நரைத்திருந்தது. முதல் பல நாள்கள் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதற்கும் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்வேன்.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் எங்கள் இடப்பக்கம் வந்து நின்றது. எங்கள் எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. செருப்பில் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் நான் நிமிர்ந்தேன். அவர் பஸ்ஸை அணைத்துவிட்டு, ஜன்னலில் கையை ஊன்றி, தலையை இடப்பக்கம் சாய்த்து எங்கள் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் வந்து போகிறவரைக்கும் கேட்டார். பிறகு கீழே குனிந்து நேராக என்னைப் பார்த்தார்.

"இதுக்குப் புத்தகத்துல என்ன தம்பி போட்டிருக்கு?"

கேட் திறந்தது. அவர் பஸ்ஸைக் கிளப்பினார். பின் சீட்டில் இருந்த முதலாளிக்கு அந்த வருஷங்களில் காது மந்தமாகியிருந்தது.

"என்னப்பா கேக்குறான் அவன்?"

"முந்திப் போகட்டுமான்னு கேக்குறாரு முதலாளி."

"போகச் சொல்லு."

நான் கையை வெளியே நீட்டிப் போகச் சொல்லிக் காட்டினேன்.